ரோலின் முதல் படம்

வானத்தைப் படம் பிடிக்க ஆசைப்படுகிறவனுக்கு எஹலியகொடைப் பக்கத்தைவிட மோசமான இடம் இலங்கையில் இருக்க முடியாது. இதை இன்றைக்கும் எரிச்சலோடுதான் எழுதுகிறேன். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்து டிஸ்பென்சரியில் பதினேழு வருடம் மருந்து கொடுத்தேன். ஆட்கள் என்னை மருந்தையா என்பார்கள். மழை விட்டால் மூட்டம் வரும், மூட்டம் விலகினால் ரப்பர் மரங்கள் மறைக்கும். மரம் மறைக்காத இடமாகத் தேடிப் போனால் அட்டை ஏறும். அந்த இடத்தில் இருந்துகொண்டுதான் நான் நட்சத்திரம் பிடிக்கப் போனேன். என் மனைவி இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். அதை இங்கே எழுத முடியாது.

கமரா கிடைத்தது தொண்ணூற்றிரண்டில். இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வாங்கி விற்கும் ஒரு முஸ்லிம் பெரியவர் தன் மேசைக்குள் கிடந்த பழைய ரஷ்யக் கமராவை எனக்குக் கொடுத்தார். அது கனமான இரும்புத் துண்டு. அதில் கண் வைத்துப் பார்க்கும் துளை வேறு, படம் விழும் லென்ஸ் வேறு. லென்ஸ் தூரத்துக்குச் சரியாகத் திருப்பப்பட்டிருக்கிறதா இல்லையா என்பது அந்தத் துளையில் தெரியாது. லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சின்ன விவரத்தை வாசிப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அதே பெரியவர் கல் பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றையும் சும்மா தந்தார். அதை ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயின் ஒரு முனையிலும், கொழும்பில் வாங்கிய பெரிய லென்ஸ் ஒன்றை மறு முனையிலும் பொருத்தி என் முதல் தொலைநோக்கியைச் செய்தேன். நிலாவைக் காட்டியது. வியாழனைச் சுற்றி வண்ண விளிம்போடு நாலு புள்ளிகளையும் காட்டியது. நான் ராஜா மாதிரி இருந்தேன், மூன்று மாதம்.

மூன்றாம் மாதம் லென்ஸில் பூஞ்சணம் பிடித்தது. எங்கள் பக்கத்து ஈரத்தில் செருப்பே பச்சை பிடிக்கும், கண்ணாடி எம்மாத்திரம். நான் என் மூளையைப் பாவித்தேன். பேக்டரியில் ரப்பர் தகடுகளைக் காயவைக்கும் புகைக்கூண்டு இரவும் பகலும் சூடாக இருக்கும். தோட்டம் முழுவதிலும் ஈரமே இல்லாத இடம் அது ஒன்றுதான். அங்கிருந்த காவலாளியிடம் சொல்லி லென்ஸைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் தொங்கவிட்டேன். இரண்டு வாரம் கழித்து எடுத்தபோது பூஞ்சணம் செத்திருந்தது. லென்ஸ் சாயத் தண்ணி நிறத்துக்கு, பால் விடாத தேநீர் போல, வந்திருந்தது. தேய்த்தும் போகவில்லை, சாராயம் போட்டும் போகவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குழாயில் நிலா எப்போதும் பழுத்த பப்பாளி நிறத்தில்தான் தெரிந்தது.

படம் பிடிப்பதற்கு இன்னொரு வில்லங்கமும் இருந்தது. பூமி சுற்றுவதால் நட்சத்திரம் நகரும்; கமராவும் அதோடு சேர்ந்து நகராவிட்டால் புள்ளி கோடாகிவிடும். அதற்கு இரண்டு பலகைகளைக் கதவுப் பிணைச்சலால் சேர்த்து, நடுவில் ஒரு நீளமான திருகாணி வைத்து, நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று கையால் திருப்ப வேண்டும். பிணைச்சலை வடதுருவ நட்சத்திரத்துக்கு நேரே வைக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் சொன்னது. புத்தகம் எழுதியவர்கள் எங்கள் சபரகமுவ மாகாணத்துக்கு வந்ததில்லை. நம் நாட்டில் அந்த நட்சத்திரம் அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. என் குவாட்டர்ஸிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் பன்னிரண்டாம் நம்பர் மலை இருந்தது. திசைகாட்டியை வைத்துக் குத்துமதிப்பாகத் திருப்பினேன். என் நட்சத்திரங்கள் எல்லாம் குட்டை வால் வைத்துக்கொண்டு வந்தன.

பெரிய கருவிகள் உள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கக் கொழும்புக்கும் போயிருக்கிறேன். ஒரு பழைய வான்கூடத்தில் கூரையைத் திறக்கும் கதவு பாதியில் நின்றுவிட்டிருந்தது. வானத்தின் எந்தப் பகுதி அந்தப் பாதிக்கு நேரே வருகிறதோ அதை மட்டும் பார்ப்பதாக அங்கிருந்தவர் வெட்கப்படாமல் சொன்னார். அவரை எனக்குப் பிடித்தது. இன்னொரு நிறுவனத்தில் புதிதாக ஒரு பெரிய தொலைநோக்கி வந்திருந்தது. மாதத்தில் ஒரு மாலை பொதுமக்களை விடுவார்கள். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று சனிக்கிரகத்தைப் பார்த்தேன். வளையம் கத்தியால் கீறியது போல் இருந்தது. கண் நிறைந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. என் கமராவை அதில் ஒரு தடவை பொருத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த இளைஞர் என் கமராவையும் என் செருப்பையும் பார்த்துவிட்டு, எழுத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார். விண்ணப்பித்தேன். பதில் வரவில்லை.

அது யுத்த காலம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். குழாயும் முக்காலியுமாக ஒரு தமிழன் மலையில் நிற்பது நல்லதல்ல என்று தோட்டத்து மனேஜரான பெரிய தொரையே சொல்லி, பொலிஸுக்குப் போய் ஒரு கடிதம் வாங்கித் தந்தார். இந்தக் குழாய் நட்சத்திரம் பார்ப்பதற்கானது, இதை வைத்திருப்பவர் தோட்டத்து உத்தியோகத்தர் என்று சிங்களத்தில் எழுதி, முத்திரை குத்தி, இரண்டு கையெழுத்தோடு இருந்தது. அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் குழாயோடு கட்டி வைத்திருந்தேன். ஒருவரும் அதைக் கேட்டதே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் முதல் இரண்டு ரோல்களையும் எஹலியகொடை ஸ்டூடியோக்காரர் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார். அவர் மேல் பிழையில்லை. நட்சத்திரப் படத்தின் நெகட்டிவ் வெறும் கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும்; எங்கே ஒரு படம் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தெரியாது. நடுப்படத்தில் கத்தரிக்கோல் போய்விடும். இதற்கு அவரே வழி சொன்னார். ரோலின் முதல் படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், அதன் விளிம்பைப் பார்த்து அளந்து மற்றதை நான் வெட்டிக்கொள்கிறேன் என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ரோலிலும் முதல் படம் பகல் படம்.

எதையாவது எடுக்கத்தானே வேண்டும், டிஸ்பென்சரி முற்றத்தில் நின்றவர்களை எடுத்தேன். செய்தி தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்விட்டது. மருந்தையா ரோல் போடும்போதெல்லாம் சும்மா ஒரு படம் பிடிக்கிறார் என்று முறை வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பூப்புனித நீராட்டு விழாவுக்குப் புடவை கட்டிய பிள்ளை, புதுச் சைக்கிள், பென்ஷன் எடுத்த கங்காணி என்று எல்லாரும் வந்தார்கள். லென்ஸ் வளையத்தை நட்சத்திரத்துக்கு வேண்டிய கடைசித் தூரத்தில் வைத்துக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் ஒட்டியே வைத்திருந்தேன், இருட்டில் கை பட்டு நகர்ந்துவிடக் கூடாது என்று. அதனால் அவர்களைத் தள்ளித்தான் நிறுத்துவேன். முகம் சின்னதாக விழும். இருந்தாலும் சந்தோஷப்பட்டார்கள். படம் கைக்கு வர மாதக்கணக்காகும். ரோல் முடிந்தால்தானே கழுவலாம். வானம் திறந்தால்தானே ரோல் முடியும். ஒருவரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அவர்கள் அவசரப்படுத்தாததை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூற்றேழு பெப்ரவரியில் பெரிய வால்வெள்ளி தெரிய ஆரம்பித்தது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிழக்கே, வெறும் கண்ணுக்கே வாலோடு தெரிந்தது. அதை முதலில் என்னிடம் வந்து சொன்னவர் என் குவாட்டர்ஸுக்குப் பின்னால் உள்ள மலையில் ரப்பர்ப் பால் வெட்டும் ஒரு தொழிலாளி. வயது முப்பத்திரண்டு இருக்கும். மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். எழுதும்போது எனக்கு 'அவர்' என்று வருகிறது. அன்றைக்கு நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். மழையைத் திட்டுவதில் நாங்கள் இருவரும் ஒன்று. மழை பெய்தால் சிரட்டையில் பால் கரைந்துவிடும், அன்றைக்கு வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. எனக்குப் போவது ஒரு படம், அவருக்குப் போவது சோறு. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது அவ்வளவாக உறைக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் புது ரோல் போட்டேன். கொழும்பில் தேடி அலைந்து வாங்கிய, மங்கல் வெளிச்சத்திலும் படம் விழும் நல்ல ரோல். அவர் வந்து கைகட்டி நின்றார்.

"ஐயா, இந்த ரோல்ல மொதப் படம் எனக்குப் பிடிச்சுத் தாங்க."

"என்ன விசேஷம்?"

"ஐடென்டி எடுக்கணுங்க. கொழும்புல ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை சொல்லியிருக்காங்க. வருசப் பொறப்பு முடிஞ்சு போகணும். ஐடென்டி இல்லாம போகப் பயமா இருக்குங்க."

பயப்படத்தான் வேண்டும். அடையாள அட்டை இல்லாத தமிழ் ஆளைக் கொழும்பில் பிடித்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அவருடைய பிறப்புச் சான்றிதழ் தயாராக இருந்தது. விண்ணப்பப் பாரத்தை நிரப்பி வைத்திருந்தார். தொரை கையெழுத்துப் போடச் சம்மதித்திருந்தார். படம் மட்டும்தான் குறை.

டிஸ்பென்சரியின் வெள்ளைச் சுவரில் அவரைச் சாய்த்து நிறுத்தினேன். அட்டைக்கு முகம் பெரிதாக விழ வேண்டும். அதனால் பிளாஸ்டரைக் கழற்றி, வளையத்தை இரண்டு மீற்றருக்குத் திருப்பி, அளந்து நின்று எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வளையத்தில் புதுப் பிளாஸ்டர் ஒட்டினேன், நன்றாக அழுத்தி.

"எப்பங்க கெடைக்கும்?"

"ரெண்டு கெழமைல. வால்வெள்ளியப் பிடிச்ச ஒடனே கழுவிரலாம்."

"மொதல்ல ஐயா அதப் பிடிங்க. நான் பொறுத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் முழுக்க மழை. காலையில் மூட்டம், பிற்பகல் இடி. வால்வெள்ளி விடியற்காலையை விட்டு மாலைப் பக்கம் வந்துவிட்டது. ஆறரை மணிக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு, காலையில் ஆட்களுக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்துக்குப் போவேன், ஏழரைக்கு நனைந்து திரும்புவேன். ரோலின் முப்பத்தாறு படத்தில் ஆறுதான் எடுத்திருந்தேன். அவர் வாரத்துக்கு ஒரு முறை, மருந்து வாங்க வந்தவர் போல, டிஸ்பென்சரி வாசலில் நிற்பார். "இன்னும் முடியலீங்களா?" என்று கேட்பார். "வானத்தப் பாரு, நானா மூடி வச்சிருக்கேன்?" என்பேன். சிரிப்பார்.

எனக்கு வழி தெரியாமல் இல்லை. இருட்டில் கமராவைத் திறந்து, எடுத்த மட்டும் ரோலை வெட்டிக் கொடுத்திருக்கலாம். நாலைந்து படம் வீணாகும், அவ்வளவுதான். இல்லாவிட்டால் முழு ரோலையும் கழுவிவிட்டு இன்னொன்று தேடியிருக்கலாம். ஆனால் அந்த மாதிரி ரோல் மறுபடி எப்போது கிடைக்குமோ, வால்வெள்ளி அதற்குள் போய்விடுமோ என்று கணக்குப் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல படம் பிடித்து, அதை அந்தக் கழுத்து அட்டை இளைஞரின் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்ற வெறி.

ஏப்ரல் முதல் ஞாயிறு அவர் வெளுத்த சட்டை போட்டுத் தலை சீவி, பஸ் நிற்குமிடத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார். நான் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தேன்.

"எங்க கெளம்பிட்ட?"

"டவுனுக்குங்க. ஸ்டூடியோவுல ஒரு படம் பிடிச்சிட்டு வந்துரலாம்னு."

"ஏன், நான் பிடிச்சது பத்தலையா?"

"ஐயோ, அப்படி இல்லீங்க. ஐயாவுக்கு இன்னும் ரோல் முடியலையே, நாள் வேற போகுது."

"இன்னும் ரெண்டு நாளு. வானம் தெளிய ஆரம்பிச்சாச்சு. வீணா காசக் கரியாக்காத."

அவர் ஒரு கணம் பஸ் வரும் பக்கம் பார்த்தார். பிறகு "சரிங்க" என்று சொல்லிவிட்டு என்னோடு மலை ஏறி வந்தார். வழியில் என் பையையும் வாங்கிச் சுமந்தார். என் வாழ்க்கையில் நான் சொன்ன சொற்களில் திரும்ப விழுங்க முடிந்தால் எதை விழுங்குவேன் என்று கேட்டால், அந்த 'பத்தலையா'வைத்தான் சொல்வேன்.

வானம் தெளியத்தான் செய்தது. அந்த வாரம் மூன்று மாலை மேற்கு திறந்தது. ரப்பர் மலைக்கு மேலே வால்வெள்ளி இரட்டை வாலோடு நின்றது. லயத்து ஆட்கள் எல்லாம் பிரட்டுக்களத்தில் கூடி அண்ணாந்து நின்றார்கள். நான் ஒரு படத்துக்கு மூன்று நிமிடம், நாலு நிமிடம் என்று திருகாணியைத் திருப்பினேன். இருபத்தொன்பது வரை போனேன். மற்ற ஏழையும் வால்வெள்ளி இன்னும் கொஞ்சம் உயரும்போது எடுக்கலாம் என்று மிச்சம் பிடித்தேன். மிச்சம் பிடித்ததற்கு மறுநாள் மழை திரும்பியது.

வருடப் பிறப்பு முடிந்த மூன்றாம் நாள் அவர் கொழும்புக்குப் போனார். கடைக்காரர் அதற்கு மேல் இடத்தை வைத்திருக்க மாட்டாராம். போகிற வழியில் டிஸ்பென்சரிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். படம் வந்ததும் மனைவியிடம் கொடுக்கச் சொன்னார், அடுத்த மாதம் வந்து பாரம் கொடுப்பாராம். தொரையிடம் வாங்கிய துண்டுக் கடிதம் ஒன்று சட்டைப்பையில் இருந்தது. "கவனமா இரு" என்றேன். உத்தியோகத்தர் என்ற முறையில் அதையாவது சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் அவருடைய மனைவி வந்தார். வரிசையில் நிற்காமல் நேரே மேசைக்கு வந்தார். கடையின் மேல்மாடியில் படுத்திருந்த ஐந்து பேரைச் சுற்றிவளைப்பில் பிடித்ததாகவும், அட்டை இருந்த மூன்று பேரைக் காலையில் விட்டுவிட்டதாகவும், மற்ற இருவரை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை என்றும் கடைக்காரர் செய்தி அனுப்பியிருந்தார்.

"போய் விசாரிக்கணும்னா படம் கேக்குறாங்களாம்யா. வீட்டுல அவரு படம் ஒன்னு இல்லீங்க. கல்யாணத்துக்குக்கூட பிடிக்கல. ஐயாகிட்ட உள்ளது மட்டுந்தான்."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏழு படத்தையும் விட்டுவிட்டு ரோலைச் சுற்றி எடுத்து, டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு எஹலியகொடைக்கு ஓடினேன். ஒரு மாதத்துக்கு முன் இதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை. ஸ்டூடியோக்காரர் கழுவி, ஈர நெகட்டிவை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். "மேக்கே மொகுத் நே, மாத்தயா" என்றார். இதில் ஒன்றுமில்லை. முதல் படம் மட்டும்தான் இருக்கிறது. மற்ற இருபத்தெட்டிலும் நடுவில் ஒரு பால் திட்டு. வாலும் இல்லை, தலையும் இல்லை.

வீட்டுக்கு வந்து கமராவைப் பார்த்தேன். பிளாஸ்டரை உரித்தேன். வளையம் இரண்டு மீற்றரில் நின்றது. அவருடைய முகத்துக்கு அளந்து வைத்த தூரம். அதைத் திருப்பாமல், அப்படியே அழுத்தி ஒட்டியிருக்கிறேன். பார்க்கும் துளையில் வால்வெள்ளி கூர்மையாகத் தெரிந்துகொண்டே இருந்தது. லென்ஸ் ஆறடிக்கு அப்பால் ஒன்றையும் பார்க்கவில்லை.

உண்மையை எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும். அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல. அந்த மனிதர் மேல் கோபம் வந்தது. இவருக்கு முகம் பிடிக்கப் போய்த்தானே என் வால்வெள்ளி போனது என்று நினைத்தேன். அவர் எங்கே எந்த அறையில் எப்படிக் கிடக்கிறாரோ என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. வந்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் பிறகுதான் வந்தது.

முகப் படம் மிக நன்றாக விழுந்திருந்தது. புருவத்துக்கு மேலே பால் தெறித்துக் காய்ந்த ஒரு சின்னப் புள்ளிகூடத் தெரிந்தது. அதைப் பத்துப் பிரதி எடுத்தேன். அவருடைய மனைவி அதை எடுத்துக்கொண்டு அலைந்தார். சிங்கள மனுக்களை நான் எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை கூடவும் போனேன். இரும்புக் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்கும்போது, வீட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் அந்தக் கடிதம் நினைவுக்கு வரும். என் தண்ணீர்க் குழாய் யாரென்று சொல்ல முத்திரையோடு ஒரு காகிதம் இருந்தது. அவர் யாரென்று சொல்ல இருந்ததெல்லாம் என் கமராவுக்குள் கிடந்தது.

பத்தொன்பது மாதம் கழித்து அவரை வெளியே விட்டார்கள். குற்றம் ஒன்றும் சாட்டவில்லை. இடது முழங்கால் மடங்காது. ரப்பர் மலையில் சரிவில் ஏறி இறங்காமல் பால் வெட்ட முடியாது. அதனால் அவருக்குத் தவறணையில் வளரும் ரப்பர் நாற்றுகளுக்குக் காவல் இருக்கும் வேலை கொடுத்தார்கள். ஊருக்கு வந்த மறுநாள் மருந்துக்கு வந்தார். அரைவாசித் தலை நரைத்திருந்தது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததால் குனிந்தே இருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஐயா, அந்த வால்வெள்ளி நல்லா விழுந்துச்சுங்களா?"

நான் எண்ணெய்ப் போத்தலை மூடினேன்.

"உள்ள இருக்கையில அதத்தாங்க நெனைச்சுக்குவேன். நம்ம படமும் அதுவும் ஒரே ரோல்ல இருக்குன்னு. அதாச்சும் நல்லா வந்திருக்கும்னு."

ஒன்றும் விழவில்லை, நீ சும்மாதான் காத்திருந்தாய் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "நல்லா விழுந்திச்சு" என்றேன்.

"அப்ப எனக்கு ஒன்னு தாங்க. வீட்டுல மாட்டிக்கிறேன்."

அடுத்த மாதம் நான் கொழும்புக்குப் போனேன், பெரிய தொலைநோக்கி உள்ள அதே நிறுவனத்துக்கு. பொதுமக்கள் மாலை. நுழைவாயில் மேசையில் அந்த வால்வெள்ளியின் படங்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாலும், நீலம் ஒன்று வெள்ளை ஒன்று, பின்னால் நட்சத்திரங்கள் ஊசிமுனை போல. ஒன்று வாங்கினேன். பிறகு வரிசையில் நின்று வியாழனையும் பார்த்தேன். பட்டைகளும் நாலு நிலாக்களும் தெரிந்தன. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பின்னால் நின்ற பெண் நேரமாகிறது என்று சொன்னதும் விலகிக்கொண்டேன்.

படத்தை உறையில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எஹலியகொடையில் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். கொஞ்ச நாளில் ஸ்டூடியோவில் படம் பிடித்து அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டார். என்னிடம் படம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வானத்தைப் படம் பிடிப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டேன். இரண்டாயிரத்து நாலில், சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் கடந்த அன்று மட்டும், மேகம் விட்ட அரை மணி நேரம் பழுப்பு லென்ஸ் குழாயால் சூரியனை டிஸ்பென்சரிச் சுவரில் விழுத்திக் காட்டினேன். ஆட்கள் வந்து பார்த்தார்கள். அவரும் வந்து ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் அவருடைய வீட்டுக்கு நான் போகாமல் இருக்க முடியாது. டெங்குக் காய்ச்சல், சிக்குன்குன்யா என்று வருடத்துக்கு நாலைந்து தடவையாவது லயம் லயமாகப் போக வேண்டியிருந்தது. போகும்போதெல்லாம் அந்தப் படம் எதிரே இருக்கும். வருகிறவர்களிடம் அவர், "ஐயா பிடிச்சது" என்று சொல்வார். நான் வெப்பமானியை உதறிக்கொண்டிருப்பேன். இப்படிப் பத்து வருடம் போனது.

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது. டவுனில் பட்டாசு வெடித்துப் பாற்சோறு பங்கிட்டார்கள். லயங்களில் கதவைச் சாத்திக்கொண்டு வானொலியை மெதுவாக வைத்துக் கேட்டார்கள். அந்த வருடக் கடைசியில் எனக்கு ஓய்வு. பெட்டி கட்டும்போது ஒன்றை முடிவுசெய்தேன்: இந்தப் பொய்யையும் மூட்டையில் கட்டிக்கொண்டு போகக் கூடாது.

மாலை நாலு மணிக்குப் போனேன். அவர் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"ஒரு விசயத்தச் சொல்லாமப் போக மனசு வரல. இந்தப் படம் நான் பிடிச்சது இல்ல. என்னோடது ஒன்னும் விழல. இது கொழும்புல காசு கொடுத்து வாங்கினது. ஒன்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கண்ணாடி போடக் கொண்டுபோனப்பவே கடைக்காரரு பொறட்டிக் காட்டுனாருங்க. பின்னால இங்கிலீசுல ஏதோ கொழும்பு எடத்துப் பேரு சீல் அடிச்சிருந்துச்சு. மகளு வாசிச்சுச் சொல்லிட்டா."

வாங்கிய அன்று நான் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப தெரிஞ்சுக்கிட்டே ஏன் இத்தன வருசமா மாட்டி வச்சிருந்தீங்க?"

என் வாயிலிருந்து முதல் தடவையாக 'ங்க' வந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எப்போதும் போலப் பணிவாகத்தான் சொன்னார்.

"ஐயா காய்ச்சல் பாக்க வருவீங்கள்ல. வாரப்பல்லாம் ஐயா இதப் பாக்கணும்னுதாங்க."

பிறகு உள்ளே பார்த்து, ஐயாவுக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். நாற்காலி படத்துக்கு நேர் எதிரே இருந்தது. பத்து வருடமாக அவர் எனக்கு அதை அங்கேதான் போட்டிருக்கிறார்.